சுவரில் ஒட்டிய அரைமணி நேரங்கள்

நேரத்தை எழுதி வைத்தால் நேரம் மிச்சமாகும் என்று கைபேசியில் ஒருவர் தினமும் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி, வாய் நிறையச் சிரிப்பு. அந்த மனிதரை ஒரே ஒரு வாரம் எங்கள் வீட்டில் கொண்டுவந்து தங்க வைத்திருக்க வேண்டும். சிரிப்பு எங்கே போகிறது என்று நானும் பார்த்திருப்பேன்.

அப்போது நான் ரயில்வே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பி.இ. முடித்துவிட்டுச் சென்னையில் கொஞ்ச நாள், கோயம்புத்தூரில் கொஞ்ச நாள் என்று வேலை பார்த்து, எதுவும் நிலைக்காமல் குளத்தூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்திருந்தேன். ரயில்வேயில் ஆள் எடுக்கிற அறிவிப்பு நாம் நினைக்கிற நேரத்தில் வராது. அது வரும்போதுதான் வரும். முன்பு ஒரு தடவை எழுதிக் கொஞ்சத்தில் கைவிட்டுப் போயிருந்தது. இந்த முறை விண்ணப்பம் போடும்போதே தெரிந்துவிட்டது, அடுத்த அறிவிப்பு எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் அதற்குள் எனக்கு வயது தாண்டிவிடும். இதுதான் கடைசி. இதை அம்மாவிடம் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், அண்ணனிடமும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

கேட்டுக்கொண்டு என்ன பிரயோசனம்? வீட்டில் இருந்து படிக்கிறவன் எங்கள் ஊர்க் கணக்கில் சும்மா இருக்கிறவன். விராலிமலைப் பக்கத்துக் கம்பெனியில் அண்ணன் ஷிப்ட் வேலை பார்க்கிறான். அவன் தூங்கினால் அது ஷிப்ட் முடித்து வந்த தூக்கம், கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் மெதுவாக நடப்பார்கள். நான் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தால் அது யாரோ வந்து கூப்பிடும்வரை ஒரு பொழுதுபோக்கு.

கைபேசிக்காரர் சொன்ன முதல் பாடம், ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள், அரைமணிக்கு ஒருமுறை என்ன செய்தோம் என்று மட்டும் எழுதுங்கள் என்பது. எழுதினேன். படிப்புக்குப் பச்சை, சாப்பாடு தூக்கத்துக்கு மஞ்சள், மற்றவர்கள் வேலைக்குச் சிவப்பு. வாரக் கடைசியில் தாளை விரித்துப் பார்த்தால் பச்சையைத் தேட வேண்டியிருந்தது. சிலிண்டர் தூக்கியது, ரேஷன் கடையில் கைரேகை விழாத அத்தைக்குத் துணை நின்றது, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது, வங்கியில் எல்லோருக்கும் படிவம் நிரப்பியது, கீரனூரில் பஸ் இறங்குகிற விருந்தாளியை ஏற்றி வந்தது. இவ்வளவும் நானா செய்தேன் என்று எனக்கே மலைப்பாக இருந்தது. ஒரு சம்பளமில்லாத ஊழியன் இந்த ஊருக்குக் கிடைத்திருக்கிறான், சனங்கள் விடுவார்களா?

அடுத்த பாடம்தான் என் வாழ்க்கையைக் கெடுத்தது. இனி வரும் நாட்களுக்கு ஒரு அட்டவணை போடுங்கள், அதை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுங்கள், உங்கள் நேரத்தின் மதிப்பை அவர்களும் உணர்வார்கள் என்றார். மடையன் மாதிரி நம்பினேன். கீரனூரில் பெரிய சார்ட் தாள் வாங்கி, காலை எழுவதிலிருந்து படுப்பதுவரை அரைமணி அரைமணியாகக் கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் கணக்கு, எந்தக் கட்டத்தில் பொது அறிவு என்று அழகாக எழுதி, ஹாலில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மனிதன் இடையில் கொஞ்சம் மூச்சு விட வேண்டும் என்று அவரே சொல்லியிருந்ததால் அங்கங்கே 'ஓய்வு' என்றும் எழுதி வைத்தேன்.

அன்று சாயங்காலமே அம்மா அதன் முன்னால் நின்று நிதானமாகப் படித்தாள். முகத்தில் ஒரு திருப்தி.

“நாலு மணிக்கு ஒனக்கு ஓய்வுன்னு போட்டிருக்கு. அப்ப வந்து மாட்டுக்குத் தவிடு எடுத்தாந்துரு.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தச் சுவர் ஊருக்கே முன்பதிவு செய்கிற இடமாகிவிட்டது. தெருவில் யாராவது வந்து, “எங்க ஒங்க மகன்?” என்று கேட்டால் அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, “இப்ப கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கான். பதினொன்றரைக்கு ஓய்வுதான், வாங்க” என்று சொல்லி அனுப்புவாள். சொன்னபடி பதினொன்றரைக்கு வந்து நிற்பார்கள். முன்பாவது எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, சில நாள் தப்பித்துவிடலாம். இப்போது தப்பவே முடியாது. என் நேரத்தைக் காப்பாற்றுவதற்கு நான் போட்ட தாள், எந்த நேரத்தில் என்னைப் பிடிக்கலாம் என்று ஊருக்கு வழி காட்டிக்கொண்டிருந்தது.

இதில் பெரியப்பா முதல் ஆள். செத்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். நான் சொல்லுவேன். அடுத்த வீடுதான் அவருக்கு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கட்டங்கள் மேல் விரலை ஓட்டி, “நாளைக்கு நாலரை எனக்குடா” என்பார். பிரஷர் மாத்திரை வாங்க ஒரு நாள், கண் காட்ட ஒரு நாள். பெற்ற மகன் புதுக்கோட்டையில் ஆபீஸ் வேலையில் இருந்தார், அவரை லீவு போடச் சொல்ல மனம் வராது. ஆஸ்பத்திரி வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ ஒருத்தன் இல்லேன்னா நான் என்னடா பண்ணுவேன்” என்பார். அதைக் கேட்டதும் கோபம் போய்விடும். போய்விடுகிற கோபத்தை வைத்துக்கொண்டு என்ன பரீட்சை எழுத முடியும்?

'முடியாது' என்று சொல்லப் பழகுங்கள் என்றும் ஒரு பாடம் வந்தது. சொல்லிப் பார்த்தேன். “முடியலையா? என்ன செய்யுது?” என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கஷாயம் வைக்கப் போனாள்.

கடைசியில் ஓய்வு என்ற கட்டங்களையெல்லாம் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் அடித்து 'ரிவிஷன்', 'ரிவிஷன்' என்று எழுதிவிட்டேன். இது ஓரளவு பலித்தது. வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டிக்கொண்டு திரும்பினார்கள். அம்மாவுக்குக் கூடப் பெருமை வந்துவிட்டது. “தூங்குற நேரம் போக மிச்சமெல்லாம் படிக்கிறான்” என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தக் கடைசி இரண்டு மாதம் உண்மையிலேயே படித்தேன். கைபேசியில் எழுதிய மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தது. இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று முதல் முதலாக எனக்கே நம்பிக்கை பிறந்தது. அதை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பரீட்சை அன்று விடிகாலையில் பெரியப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே போயிருக்கிறார். பெரியம்மாவின் அலறல் கேட்டு ஓடினேன். வாய் திறந்துகொள்ளாமல் நாடிக்கட்டு கட்டுவதற்குத் துணியைக் கிழித்துக் கொடுத்ததும் நான்தான். மூன்று மணிக்கு எடுப்பது என்று பங்காளிகள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அப்பா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

“அரிமளத்துக்கு நீ போயி கேதம் சொல்லிட்டு வந்துரு.”

அரிமளம் பெரியம்மா பிறந்த ஊர். சாவுச் செய்தியைப் பிறந்த வீட்டுக்கு ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். அவர்கள் இறந்தவருக்குப் போர்த்துகிற புதுத் துணியைக் கொண்டுவர வேண்டும், அதற்குக் கோடி என்று பெயர். கோடி வந்து சேராமல் பிணத்தை எடுக்க முடியாது. போன் செய்து சொன்னால் மரியாதைக் குறைவு. முன்பு வேறொரு சாவில் போனில் சொல்லிவிட்டதற்காகச் சம்பந்தக்காரர்கள் ஊர் எல்லையிலேயே நின்றுகொண்டு தெருவுக்குள் வரமாட்டோம் என்று அடம் பிடித்ததை இன்னும் எல்லோரும் கதை கதையாகச் சொல்வார்கள்.

“அப்பா, இன்னைக்கு எனக்குப் பரீட்சை.”

“தெரியும்டா. மத்தியானம்தானே?”

“திருச்சிக்கு அங்கிட்டுப் போகணும். ஒன்றரைக்குக் கேட்டைச் சாத்திருவாங்க. இதான் கடைசிப்பா. இதுக்கப்புறம் எழுத முடியாது. அண்ணனை அனுப்புங்க.”

அண்ணன் முதல் ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். “எனக்கு லீவு கெடைக்காதுப்பா. மத்தியானம் பர்மிஷன் போட்டு வாரேன்” என்றான். அதற்கு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. பெரியப்பாவின் மகன் கொள்ளி வைக்கிறவர், பிணத்தை விட்டு நகரக் கூடாது. அப்பாவுக்கு முழங்கால் வலி, வண்டி ஓட்ட மாட்டார். எல்லோர் கண்ணும் என் மேல் இருந்தது.

அப்போதுதான் அம்மா அதைச் செய்தாள். அழுத கண்ணோடு வீட்டுக்குள் போய், பரீட்சை நாளுக்கென்று நான் சுவரில் தனியாக எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தாள். “பதினோரு மணிக்குத்தான் கெளம்பணும்னு போட்டிருக்கான். அதுவரைக்கும் ரிவிஷன்தான்” என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, “படிச்சதைத்தானேப்பா திரும்பப் படிக்கப் போறே?” என்றாள்.

நான் எழுதி ஒட்டியதை எனக்கே படித்துக் காட்டினாள்.

“இப்பக் கெளம்புனா பத்தரைக்குத் திரும்பிரலாம்” என்றார் அப்பா. அவர் கணக்கில் சாலை மட்டும்தான் இருந்தது, மனிதர்கள் இல்லை. ஹால் டிக்கெட்டையும் ஆதார் அட்டையையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். புதுக்கோட்டையைத் தாண்டும்வரை பெரியப்பாவுக்காக அழுதேன், தாண்டிய பிறகு அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

அரிமளத்தில் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது நான் கண்ட காட்சியை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வேன் தயாராக நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சன்னல் ஓரத்தில் இருந்தவர் கையில் இருந்த கைபேசியில் பெரியப்பாவின் படம், கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று பூப் போட்டு எழுதியிருந்தது. பெரியம்மா விடிவதற்குள்ளேயே போன் செய்து அழுதிருக்கிறாள். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஆனால் ஆள் வந்து சொல்லாமல் கிளம்பக் கூடாது. எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்தும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியது வீட்டுக்குப் பெரியவரிடம், அதாவது பெரியம்மாவின் அண்ணனிடம். எனக்கு மாமா முறை. அவர் உள்ளே இருந்தார். உடனே வெளியே வந்தால் காத்திருந்தது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, நான் வாசலில் வெகுநேரம் நின்ற பிறகுதான் சலவை வேட்டியோடு வந்தார்.

“வா மாப்ள, என்ன இம்புட்டுத் தூரம்?” என்றார்.

நானும் என் பங்கைச் செய்தேன். “பெரியப்பா தவறிட்டாங்க மாமா.”

“அய்யய்யோ, மச்சானா?” என்று தலையில் அடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் வேனிலிருந்து பெண்கள் ஒரே குரலாக அழத் தொடங்கினார்கள். வேறொரு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். அழுது முடித்து, என்னை உட்கார வைத்து, எப்படிப் போனார், என்ன சாப்பிட்டார், கடைசியில் என்ன பேசினார் என்று விசாரித்து, தெரிந்த பதில்களையே என் வாயால் கேட்டுக்கொண்டார்கள். நான் எழுந்து, “மாமா, எனக்குத் திருச்சியில பரீட்சை இருக்கு. கெளம்புறேன்” என்றேன்.

“பரீட்சையா? இந்த வயசுலயா?” என்று மேலும் கீழும் பார்த்தார். “சரி, நானும் ஒன் வண்டியிலயே வாரேன். வேன்ல தலை சுத்தும். கேதம் சொல்ல வந்தவன் கூட்டிக்கிட்டுப் போறதுதான் மொறை.”

கோடித் துணி இருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டார். “மெதுவாப் போ மாப்ள” என்று என் தோளை இடித்துக்கொண்டே வந்தார். புதுக்கோட்டையில் மாலை வாங்க வேண்டும் என்று இறங்கினார். தயாராகத் தொங்கிய மாலைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. ரோஜா வைத்துப் புதிதாகக் கட்டச் சொன்னார். பூக்காரம்மா ஒவ்வொரு பூவாகக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கழுத்தெல்லாம் வியர்த்து ஊற்றியது. வாயைத் திறந்தால் என்ன சொல்லிவிடுவேனோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் ஊருக்குச் சாலை பிரிகிற விலக்குக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. விலக்கிலிருந்து ஊர் உள்ளே தள்ளி இருக்கிறது. குடிதண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிப் போட்டதில் அந்தச் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தது. உள்ளே போனால் பரீட்சை அவ்வளவுதான். வண்டியை நிறுத்தினேன்.

“மாமா, எறங்குங்க. வேன் பின்னாலேயே வருது. அதுல ஏறி வந்துருங்க.”

“என்ன மாப்ள சொல்றே? கோடியைக் கையில வச்சுக்கிட்டு நான் ரோட்டுல நிக்கிறதா?”

“காலைப் புடிக்கிறேன் மாமா, எறங்குங்க.”

அவர் இறங்கினார். ஒரு கையில் மஞ்சள் பை, ஒரு கையில் மாலை. நான் திரும்பிப் பார்க்காமல் நேரே திருச்சிச் சாலையில் வண்டியை முறுக்கினேன். அவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை.

தேர்வு நடந்த கல்லூரி திருச்சியைத் தாண்டி இருந்தது. நான் போனபோது கம்பிக் கதவை இழுத்துச் சாத்தியிருந்தார்கள். உள்ளே இன்னும் வரிசை நின்றுகொண்டிருந்தது. கையில் கட்டிய சாமிக் கயிறுகளைக் கத்தரித்து ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். கம்பி வழியாக ஹால் டிக்கெட்டை நீட்டினேன். காவலுக்கு இருந்தவர் வாங்கிப் பார்த்தார். நல்ல மனிதர்தான்.

“டைம் முடிஞ்சு கம்ப்யூட்டர்ல பூட்டியாச்சு தம்பி. நான் தெறந்தாலும் உள்ள ஒங்களை ஏத்துக்காது.”

“வீட்டுல ஒரு கேதங்க.”

“யாரு?”

“பெரியப்பா.”

“அப்பாவா இருந்தாலும் இதே பதில்தான் தம்பி” என்று ஹால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். கதவுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தேன். பரீட்சை முடிந்து எல்லோரும் வெளியே வரும்வரை உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்குப் போக இடமில்லை.

ஊருக்குத் திரும்பியபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். நான் பரீட்சையைத் தவறவிட்டதை யாரும் கேட்கவில்லை, அதைவிடப் பெரிய விஷயம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. வேன் பின்னாலேயே வரவில்லையாம். வழியில் வேறு ஊரில் யாரையோ ஏற்றப் போய்விட்டதாம். மாமா கோடியும் மாலையுமாக வெயிலில் நின்றிருக்கிறார். பிணம் காத்துக் கிடந்திருக்கிறது. கடைசியில் யாரோ தெரிந்தவர் ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார். மாமா யாரோடும் பேசாமல் கோடியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார். அப்பா என்னைப் பார்த்து, “என் மானத்தை விலக்குல எறக்கி விட்டுட்டுப் போயிட்டியேடா” என்றார்.

“என் பரீட்சை போச்சுப்பா” என்றேன்.

“அடுத்த தடவை எழுதிக்க.”

காலையில்தான் சொன்னேன், வாசலில் நின்று, அவர் முகத்தைப் பார்த்து. அம்மா பக்கம் திரும்பினேன். அவளும், “ஆமாப்பா, அடுத்த தடவை” என்றாள்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு மாமா வந்தார். வந்தவர் பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்தாரே தவிர, யார் கூப்பிட்டும் பந்தியில் போய் உட்காரவில்லை. அப்பா என்னை அழைத்துவந்து அவர் முன்னால் நிறுத்தினார். சொந்தபந்தம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மாமா கால்ல விழுந்து எந்திரி.”

விழுந்தேன். மண்ணில் நெற்றி பட விழுந்தேன். மாமாவுக்கு மனம் இளகிவிட்டது. என் கையைப் பிடித்துத் தூக்கி அப்பாவைப் பார்த்தார்.

“விடுங்க மச்சான். அவனுக்கு என்ன அவசரமோ, பாவம். ஆமா மாப்ள, அன்னைக்கு எங்கதான் போனே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: “அது ஒண்ணுமில்லீங்க மச்சான், ஏதோ பரீட்சையாம். வருசா வருசம் எழுதுவான்.”

மாமா தலையாட்டிவிட்டுச் சாப்பிட எழுந்தார். பந்தியில் இலை போட ஆள் இல்லை என்று யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இலைக்கட்டை எடுத்துக்கொண்டு போனேன்.